மசக்கை மண்

தங்கச்சிமடம், 1967 நவம்பர், செவ்வாய் இரவு

பம்பாய்க்குச் சோதனைக்குக் கொண்டுபோகக் கரையிலிருந்து நான் அள்ளி வந்திருந்த கறுப்பு மணல் பொட்டலம் பாதியாகிக் கிடந்தது. எலி இழுத்துச் சிந்தியிருக்கும் என்று நினைத்தேன். சாயங்காலம் தங்கை ரோசம்மாள் அதில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போடுவதைப் பார்த்துவிட்டேன். அவளுக்கு இது நான்காம் மாதம்.

“துப்பு புள்ள!” என்று கத்தினேன்.

“மசக்கைக்கு நாக்கு மண்ணுதாண்ணே கேக்குது. அடுப்பு மண்ணவிட இது நல்லாருக்கு. ஒன்னய வயித்துல வச்சிருந்தப்ப அம்மாவும் இதத்தான் தின்னுச்சாம்” என்று சிரித்தாள்.

அந்த மணலில் கதிர்வீச்சுள்ள தோரியம் இருக்கிறது. விழுங்கிய தோரியம் குடலில் எவ்வளவு நேரம் தங்கும், எவ்வளவு ரத்தத்தில் கலக்கும் என்று பம்பாயில் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதுதான் என் வேலை. கிட்டத்தட்ட எல்லாமே வெளியேறிவிடும் என்றுதான் விடை வருகிறது. ஆனால் அந்தக் கணக்கில் இருக்கிற ஆள் நல்ல திடமான ஆண். ஒரே ஒரு முறைதான் விழுங்குகிறான். அவனுக்கு மசக்கை கிடையாது. இவளைப் போல ரத்தம் வற்றி வெளுத்த உடம்பும் கிடையாது. அவன் வயிற்றில் இன்னொரு உயிரும் இல்லை.

“எதுக்குண்ணே இப்படி முழிக்கிற?” என்றாள்.

எனக்கே விடை தெரியாததை அவளிடம் எப்படிச் சொல்வது? “அந்தப் பொட்டலத்துல மருந்து கலந்திருக்கேன்” என்று ஒரு பொய்யைச் சொல்லி, மீதியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

“அப்படியா? சரிண்ணே, இனிமே கரையிலயே அள்ளிக்கிறேன்” என்று போய்ப் படுத்துவிட்டாள்.

இப்போது பின்கதவின் தாழ்ப்பாளை யாரோ மெல்ல நீக்கும் சத்தம் கேட்கிறது.