அப்பாவுக்கு எட்டாத நாற்றம்

அன்புள்ள பாப்புவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், என் மூட்டுவலியும் என்னோடு சுகம். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவையும் அதே வரியில் சேர்த்து எழுதப் பேனா வரவில்லை, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அப்பாவின் பால்கனியில் கள்ளி மாதிரி தடித்த தண்டோடு செடி ஒன்று நிற்குமே, அது பூத்துவிட்டது. கையகல நட்சத்திரம், இரத்தச் சிவப்பு, மேலே மெல்லிய ரோமம், நாற்றமோ செத்த எலிதான். ஈ மொய்க்கிறது. மேல்வீட்டு டீச்சர் இறங்கிவந்து, உங்க வீட்டுல ஏதோ செத்துக் கெடக்கு பாருங்க என்றாள். அப்பா பூவுக்குள் மூக்கை வைத்து இழுத்துவிட்டு, ஒண்ணும் வரலியே, எதுக்கு ஊரைக் கூட்டுறீங்க என்றார். பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுக்காத பிடிவாதம் என்று நானும் சிரித்தேன்.

போன வாரம் கடைக்குப் போய்த் திரும்புகிறேன், மாடிப்படியிலேயே கேஸ் வாடை. பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. அப்பா சமையலறை மேஜையில் உட்கார்ந்து, அந்தச் செடியின் அழுகிய தண்டை வெட்டக் கத்தியைச் சுடவேண்டும் என்று தீப்பெட்டியைத் திறந்துகொண்டிருக்கிறார். பிடுங்கி எறிந்தேன். உனக்கென்ன பைத்தியமா என்று கத்தியவர், நான் ஓடி ஓடி ஜன்னல் திறப்பதைப் பார்த்து அடங்கிப்போனார். பிறகு சோப்பு, காப்பித்தூள், என் தைலம் என்று ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார். எப்பலேர்ந்துன்னே தெரியல என்றார், யாரோ தொலைத்த பொருளைப் பற்றிச் சொல்வதுபோல.

மூக்கு டாக்டர் மூக்கில் ஒன்றுமில்லை என்றார். ஆனால் அப்பாவை அறைக்குள் நடக்கவைத்துப் பார்த்தார். இடது கை வீசவே இல்லை பாப்பு, அதுவரை எனக்கே படவில்லை. எழுதச் சொன்னார், எழுத்து போகப் போக எறும்பாகிவிட்டது. வாசனை தெரியாமப் போறதும் நரம்புக் கோளாறோட ஆரம்பமா இருக்கலாம், நரம்பு டாக்டரைப் பாருங்க, தள்ளிப்போடாதீங்க என்று என்னைப் பார்த்துச் சொன்னார், அவரைப் பார்த்து அல்ல. அப்பாவோ வர மறுத்தார், பாப்புவுக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியமும் கேட்டார். நான் செய்யவில்லை.

இன்று காலை கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, இந்தக் கழுத்துப் பட்டனைக் கொஞ்சம் போட்டுவிடேன் என்று கூப்பிட்டார். ஒருநாளும் கேட்காத மனுஷர். போட்டேன். வெள்ளிக்கிழமை அந்த நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ என்றார்.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோடு சண்டை போடாதே. போனில் அழுதுவிடாதே, அப்பா என் பக்கத்தில் இருப்பார். லீவு கேட்டு வை. இருவரும் குறையில்லாமல் வாழ என் ஆசி.

உன் அம்மா