மேல்நோக்கிய அம்பு

மார்ச் 4, செவ்வாய்

எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதாவிட்டால் நாளைக்கே இதைக் கொஞ்சம் திருத்தி, நான்தான் ஜெயித்தேன் என்று நாலு பேரிடம் சொல்லிவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். ஆகவே உள்ளது உள்ளபடி.

இன்று மாலை இணைய இணைப்புக்காரர்களுக்குப் போன் போட்டு, எங்கள் பகுதி லைன்காரரிடம் இருபது நிமிடம் கத்தினேன்.

"பூஜ்யம் காட்டுதுங்க. மேலேயும் பூஜ்யம், கீழேயும் பூஜ்யம். நெட் வேகத்தை அளக்குற வேகமானி என் கம்ப்யூட்டர்லயே இருக்கு, என்னை ஏமாத்த முடியாது."

அவர் நிதானமாகக் கேட்டார். "சார், இப்ப உங்க ஸ்கிரீன்ல என்ன ஓடுது?"

"என் மனைவிக்குப் பேச்சுப் பயிற்சி குடுக்குற மேடம் வீடியோவுல இருக்காங்க."

"முகம் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

"பூஜ்யத்துல எப்படி சார் தெரியும்?"

போன் ஸ்பீக்கரில் இருந்ததால் இது பயிற்சியாளர் காதிலும் விழுந்தது, என் மனைவி காதிலும் விழுந்தது. அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பேருந்து நிலைய விசாரணைச் சன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவள். பஸ் போன பிறகு வந்து, பஸ் எப்போது என்று கேட்பவர்களைப் பார்க்கும் பார்வை அது.

நாற்பத்தைந்து நிமிட வகுப்பில் இருபது நிமிடத்தை நான் தின்றுவிட்டேன். அதுதான் உண்மையில் எழுத வேண்டியது. பூஜ்யத்தை முன்னால் போட்டு அதை மறைக்கப் பார்க்கிறேன்.

நவம்பரில் அவளுக்குப் பக்கவாதம். கால் திரும்பியது. வலது கை திரும்பியது. சொற்கள் மட்டும் திரும்பவில்லை. எல்லாம் புரிகிறது, எதுவும் வெளியே வருவதில்லை. முதல் ஆறு மாதம் முக்கியம் என்றார் டாக்டர். இன்று வகுப்பு முடியும்போது பயிற்சியாளர் சொன்னார்: "இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம் சார். அவங்க வாயே திறக்காம நான் மட்டும் பேசிட்டிருந்தா பிரயோஜனம் இல்ல. காத்திருக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க."

"அவ முயற்சி பண்றா மேடம். லைன்ல போக மாட்டேங்குது" என்றேன்.

நான் அப்படித்தான் நம்புகிறேன். இங்கிருந்து போகும் வேகத்தைக் காட்டும் மேல்நோக்கிய அம்பு சரியாக இருந்தால் அவள் குரலும் போகும். அதற்காகத்தானே வேகமானியையே போட்டேன்?


மார்ச் 5, புதன்

துணி துவைக்கும் இயந்திரம், தண்ணீர்ச் சுத்திகரிப்பான், மின்விசிறி – இவற்றோடு வரும் கையேட்டை எழுதுவது என் பிழைப்பு. கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டம் போட்ட பட்டியல் இருக்குமே: சிக்கல், காரணம், தீர்வு. அது என் கைவண்ணம். யாரும் படிப்பதில்லை. நானும் படிப்பதில்லை என்பது இன்று தெரிந்தது.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். மோடத்தை அணைத்துப் போட்டேன். வேகமானியை நீக்கி மறுபடி நிறுவினேன். ஃபயர்வால் என்கிற பாதுகாப்புச் சுவர் வழிமறிக்கிறதோ என்று அதற்கு அனுமதி கொடுத்தேன். திரையின் மூலையில் இரண்டு அம்பு, இரண்டு பூஜ்யம். இரண்டு முட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடைகாக்கிறேன்.

அவள் சன்னலோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் சட்டையில் ஒரு பொத்தான் போயிருந்ததைத் தூக்கிக் காட்டினாள். "பொத்தான். பொத்தான் போச்சு. தைக்கணும். ஊசி வேணுமா? வெள்ளை நூலா?" – நானே கேட்டு, நானே பதில் சொல்லி, நானே எடுத்து வந்தேன். நல்ல கணவன் என்று நினைத்துக்கொண்டேன்.


மார்ச் 6, வியாழன்

இன்றும் முட்டை.


மார்ச் 7, வெள்ளி

லைன்காரர் நேரிலேயே வந்துவிட்டார். என் வயதுதான் இருக்கும், தலையில் என்னைவிட முடி அதிகம். அந்த ஒரு காரணத்துக்காகவே முதலில் பிடிக்கவில்லை. வேகமானியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தார். பத்து வினாடி.

"சார், இது எதை அளந்திட்டிருக்குன்னு பாத்தீங்களா? பழைய வயர்லெஸ் நெட் குச்சி ஒண்ணு சொருகி வெச்சிருந்தீங்களா?"

"அதைப் புடுங்கி மேசை டிராயர்ல போட்டு ஒரு வருஷம் ஆச்சே. இப்ப கேபிள்தான்."

"இது இன்னும் அந்தக் குச்சியத்தான் பாத்துட்டிருக்கு. டிராயர்ல இருக்குறது என்ன வேகத்துல ஓடும்?"

பட்டியலில் கேபிள் இணைப்பைத் தேர்ந்தெடுத்தார். பூஜ்யங்கள் உயிர்பெற்றுத் துள்ளின. எனக்கு உடனே அடுத்த சந்தேகம்: நூறு தருவதாகச் சொன்னீர்கள், பன்னிரண்டுதானே காட்டுகிறது? அவர் பெருமூச்சு விட்டார். "நாங்க சொல்றது பிட் கணக்கு, இது காட்டுறது பைட் கணக்கு. எட்டால பெருக்குங்க." பெருக்கினேன். தொண்ணூற்றாறு. தண்ணீர் குடித்தேன்.

போகும்போது, மேல்வீட்டுப் பல் டாக்டர் நாள் முழுக்க இணையத்தில் மல்யுத்தம்தான் பார்க்கிறார் என்ற அரிய தகவலையும் கொடுத்துவிட்டுப் போனார். மனிதர் பரவாயில்லை.

நாலு மணிக்கு வகுப்பு. அம்பு இரண்டும் கம்பீரமாக ஓடுகின்றன. இனி பிரச்சினையே இல்லை என்று அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பயிற்சியாளர் ஒரு சாவியின் படத்தைக் காட்டினார். அவள் உதடு குவிந்தது, பிரிந்தது. "சா…"

"சாவி!" என்றேன்.

"சார், நீங்க சொல்லிட்டீங்க."

"அவ அதைத்தான் சொல்ல வந்தா மேடம்."

அடுத்து ஒரு குடை. அவள் வாயைத் திறக்கவே இல்லை. லைன் நன்றாக இருந்தது. மிக நன்றாக இருந்தது. அதுதான் சங்கடம்.


மார்ச் 12, புதன்

திங்கள், புதன், வியாழன் காலைகளில் கம்பெனிக்குப் போய் வருவேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். இன்று மதியம் வந்ததும் வேகமானியில் இன்னொரு பக்கம் இருப்பதைக் கண்டுபிடித்தேன்: மணிவாரியாக எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்ற பதிவு. துப்பறியும் உற்சாகத்தில் திறந்தேன்.

திங்கட்கிழமை காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை, இங்கிருந்து வெளியே ஏகப்பட்டது போயிருக்கிறது. இன்றும் அதே நேரம், ஏறக்குறைய அதே அளவு. வெள்ளிக்கிழமை வீடியோ வகுப்புக்கு எவ்வளவு போனது என்று பார்த்தேன். கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

நான் வீட்டில் இல்லாத நேரம். வீட்டில் இருந்தது அவள் ஒருத்தி.

யாரிடம் பேசுகிறாள்?

பேசுகிறாளா?


மார்ச் 13, வியாழன்

இன்றும் பதினொன்று.

மைத்துனிக்குப் போன் போட்டேன். நாசூக்காகத்தான் விசாரித்தேன் – அதாவது வானிலை, மாடிப்படி வழுக்கல், அவள் மாமியாரின் முழங்கால் எல்லாம் பேசிவிட்டு, "உங்கக்கா உன்கிட்ட வீடியோவுல ஏதும் பேசுறாளா?" என்று.

"எங்கிட்டயா? போன் பண்ணா எடுக்கிறது நீங்க, பேசுறது நீங்க, வைக்கிறதும் நீங்க. அக்கா நல்லா இருக்கான்னு நீங்க சொல்றதைக் கேட்டுட்டு நான் வெச்சிடுறேன். நாலு மாசமா உங்களைத்தான் அத்தான் நலம் விசாரிக்கிறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அப்படியானால் பயிற்சியாளர்தான். நான் இல்லாத நேரமாகப் பார்த்து, அந்த அம்மாள் தானாக முன்வந்து வாரத்தில் மூன்று நாள் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்வார்? நான்தான் நோய்.

அவளால் பேச முடிகிறது. நான் இல்லாதபோது முடிகிறது. இதை எழுத மூன்று தடவை பேனாவை எடுத்து வைத்தேன்.

கோபம் வந்தது. பொய் சொல்லக் கூடாது, முதலில் கோபம்தான் வந்தது. முப்பது வருஷமாக இந்த வீட்டுல பேச்சுன்னா ரெண்டு பேருக்கும் நடுவுலதான், இப்ப எனக்கு மட்டும் கதவைச் சாத்தினா என்ன அர்த்தம்? அப்புறம் அந்த 'சா' ஞாபகம் வந்தது. நவம்பரிலிருந்து இந்த வீட்டில் அவள் ஆரம்பித்த எந்தச் சொல்லையாவது நான் முடிக்க விட்டிருக்கிறேனா? தண்ணீர், துண்டு, கதவு, வலி. வலியைக்கூட நானே சொல்லிவிட்டேன்.

அவளிடம் எதுவும் கேட்கப் போவதில்லை. ஒளித்துச் செய்கிறாள் என்றால் ஒளித்தே செய்யட்டும்.


மார்ச் 14, வெள்ளி

மூன்றே முக்காலுக்கு வீடியோவை இணைத்துக் கொடுத்தேன். "தபால் ஆபீஸ் வரைக்கும் போய்ட்டு வந்துடுறேன்" என்றேன். தபால் ஆபீசில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. வெளியே உள்ள சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர் மனுவை எப்படி எழுதுவது என்று கேட்டார். அவருக்குக் கையேடு பாணியில் எழுதிக்கொடுத்தேன். நல்லவேளை, படிக்காமல் மடித்து வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு இருப்பது என்று சொல்வோமே, அது நிஜமாகவே வலிக்கும் காரியம்.


மார்ச் 18, செவ்வாய்

பயிற்சியாளரிடமிருந்து போன். "இன்னைக்கு அஞ்சு படம் சொன்னாங்க சார். குடை சொன்னாங்க."

போனை வைத்துவிட்டு மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பல் டாக்டர் இறங்கி வந்து, "என்ன, பல் வலியா?" என்றார்.


மார்ச் 20, வியாழன்

வேலை இல்லாத நாளிலும் பதினொன்றுக்கு வெளியே போய்விடுகிறேன். பெஞ்சு பழகிவிட்டது.


மார்ச் 25, செவ்வாய்

இன்று நடந்ததை ஒரு சொல்கூடக் கூட்டாமல் எழுத வேண்டும்.

காலை பத்தே முக்கால். செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் ஈரத்துண்டு. "எ…" என்றாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஓர் எழுத்திலேயே முழுக் கேள்வியும் தெரிந்துவிட்டது. வாய் தானாகத் திறந்தது. மூடினேன். பார்க்க ஏதாவது வேண்டுமே என்று செருப்பு வாரைப் பார்த்தேன்.

"எங்… எங்க…"

துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து நாளுக்கு ஆயிரம் தடவை சொன்ன சொற்களைத் தேடி எங்கோ வெகுதூரம் போய் வந்தாள். நான் போய் எடுத்து வந்து கொடுத்துவிடலாம். கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. கொடுக்கவில்லை.

"எங்க… போ… போறீங்க. தெனம்?"

நாலு மாதம் இருபது நாள் கழித்து, முதல் வாக்கியம்.

"சும்மாதான்" என்றேன். இருக்கிற பேச்செல்லாம் பேசுகிற எனக்கு அந்த நேரத்தில் கிடைத்தது அவ்வளவுதான்.

அவள் நம்பவில்லை. "என்ன… பிடிக்கலையா. என்னை."

ஒரு செருப்போடு உள்ளே வந்துவிட்டேன். பதினொரு மணிக்கு வெளியே போகவில்லை. ரகசிய வகுப்பு ஒன்று கெட்டுப்போனால் போகட்டும். நான் நாக்கைக் கடித்ததை, அவளிடமிருந்து முகம் திருப்பியதாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். பதினோரு நாளாக. எதற்காகப் போகிறேன் என்று சொன்னேன்: "நான் இருந்தா உன்னைப் பேச விட மாட்டேன், அதான்." காலையில் அவள் செய்வது எனக்குத் தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவள் வெகுநேரம் யோசித்தாள். பிறகு: "உண்… மை."

சமாதானமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். அவளுக்குச் சொற்கள் குறைவு, பொய்க்கு ஒதுக்க முடியாது.


மார்ச் 28, வெள்ளி

மாதத்தின் கடைசி வகுப்பு. இன்று என்னையும் உட்காரச் சொன்னாள் – நாற்காலியைத் தட்டி, "இங்க" என்று. பிறகு தன் உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். பதினாறு படத்தில் பதிமூன்று. கரண்டிக்கு மட்டும் இரண்டு நிமிடம் ஆனது. என் இடது உள்ளங்கையில் நகக்குறி நாலு.

வகுப்பு தொடரும் என்றார் பயிற்சியாளர். அவள் எழுந்து உள்ளே போனதும் திரைக்குப் பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "மேடம், காலையில நீங்க தனியா எடுக்கிற கிளாஸ் எனக்குத் தெரியும். பெரிய உதவி. அதனாலதான் இந்தளவுக்கு வந்திருக்கா."

"எந்தக் கிளாஸ் சார்?"

"பதினோரு மணிக்கு."

"காலையில நான் ஆஸ்பத்திரியில வார்டுல இருப்பேன் சார். செவ்வாய், வெள்ளி நாலு மணி. அவ்வளவுதான். அவங்க பேச ஆரம்பிச்சதே நீங்க தபால் ஆபீஸ் போன அன்னிலேருந்துதான்."

அவள் சமையலறையில் பாத்திரம் எடுக்கும் சத்தம் கேட்டது. வேகமானியைத் திறந்தேன். எந்த மென்பொருள் எவ்வளவு அனுப்பியது என்று பிரித்துக்காட்டும் பொத்தான் ஒன்று இத்தனை நாளும் அங்கேயே இருந்திருக்கிறது. அழுத்தினேன்.

பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை மேலே போனது என் பழைய கோப்புகளின் பிரதி. தினமும் அந்த நேரத்தில் இணையத்தில் உள்ள சேமிப்பகத்துக்கு அனுப்பும்படி நானே இரண்டு வருடத்துக்கு முன் போட்டு மறந்த ஏற்பாடு. கீழே நிபந்தனை என்று ஒரு வரி, நானே தேர்ந்தெடுத்தது: கம்ப்யூட்டரை யாரும் தொடாமல் இருக்கும்போது மட்டும்.