மேஜரின் இரண்டாவது குஞ்சம்

அக்கா,

இன்று டிரை கிளீனிங் கடையில் நீராவி பட்ட கம்பளித் துணியின் வாசம் வந்தது. உடனே அந்தச் சிவப்புக் கோட்டும் நீங்களும் நினைவுக்கு வந்துவிட்டீர்கள்.

தொண்ணூறுகளில் இங்கே கனடாவில் நாம் இருவரும் சென் ஜேம்ஸ் ரவுண் பகுதியிலிருந்து ஒன்றாகச் சப்வே பிடித்துப் போன தையல் தொழிற்சாலைக்கு, பழம்பொருள்களைக் காட்சிக்கு வைக்கும் நூதனசாலை ஒன்றிலிருந்து வேலை வந்தது. நெப்போலியன் காலத்துப் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரின் கோட்டைப் பார்த்து, அதேபோல இன்னொன்று தைக்க வேண்டும். அவர்கள் படையில் கப்டனுக்கு வலது தோளில் மட்டும் பொன்நூல் குஞ்சம், மேஜரானால் இரு தோளிலும். பழைய கோட்டின் இடது குஞ்சம் வேறு நூலில், பிறகு தைத்தது என்பது உங்கள் கண்ணில் பட்டது. அதன்பிறகு உங்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"போன் எடுத்துக் கேள் பிள்ளை, ஆர் உந்த மனிசன்?"

எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும் என்பதால் என் உயிரை வாங்கினீர்கள். சாப்பாட்டு நேரத்தில் நூதனசாலைப் பெண்ணிடம் கேட்டேன். பதினாறு வயதில் தகப்பன் காசு கொடுத்துப் பதவி வாங்கிக் கொடுத்திருக்கிறார்; அந்தக் காலத்தில் அது வழக்கமாம். ஸ்பெயினில் நெப்போலியனின் படையோடு சண்டை பிடித்துக் கப்டன். பிறகு கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பினார்கள். இங்கே மேஜர்.

"காசு குடுத்துப் பிள்ளையைச் சண்டைக்கு அனுப்பினவரோ? விசர் மனிசன்! என்ர பெடியன் சொல்லாமல் எல்லோ இயக்கத்துக்குப் போனவன்."

ஊரில் போராளிகளோடு சேர்ந்துவிட்ட உங்கள் மகனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லாத காலம் அது. ஊசியை வைத்துவிட்டுக் கேட்டீர்கள்: "உந்த மேஜர் உயிரோட வீட்டை போனவனோ?"

மறுபடியும் போன். சண்டை முடிந்ததும் அரைச் சம்பளம் கொடுத்துப் படையிலிருந்து அனுப்பிவிட்டார்களாம். அதற்குப் பிறகு என்ன ஆனார் என்று தெரியாது என்றாள் அந்தப் பெண். இதை உங்களிடம் சொல்லவே பயந்தேன். நீங்களோ சிரித்தீர்கள்.

"தெரியாதெண்டால் செத்தவன் எண்டில்லையே."

இரண்டாவது குஞ்சத்தை எடுத்துத் தைக்கத் தொடங்கினீர்கள். எனக்கு அது அப்போது வெறும் பிடிவாதமாகப் பட்டது.

போன மாதம் உங்கள் மரண அறிவித்தலை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. மகனின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடச் சொன்னார்கள் உங்கள் உறவுகள். இத்தனை வருடமாகிவிட்டதே, இனி என்ன என்றார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது, அக்கா.

"ஆராவது கண்டனீங்களோ?" என்று கேட்டேன்.

அந்தச் சொல் இல்லாமலே அச்சாயிற்று. இனி அவனைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியவள் நான்.