மழைக்கு உப்பிய கதவு

2009 நவம்பர் 17, செவ்வாய், காலை 10.40. அம்மாவிடமிருந்து மூன்று அழைப்புகள். எடுக்கவில்லை. அப்பாவின் நுரையீரல் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் திருச்சியிலிருந்து மெயிலில் அனுப்பிவிட்டு, "என்னடா போட்டிருக்கு?" என்று கேட்கத்தான் கூப்பிடுகிறாள். டாக்டரை நாளைக்குத்தான் பார்க்க முடியும்.

நியூ டவுன் ஆபீஸில் உட்கார்ந்து, தேடுபொறியில் 'டிஃபைன்' அடித்து, இரட்டைப் புள்ளி வைத்து, ரிப்போர்ட்டில் இருந்த 'ஃபைப்ரோசிஸ்' என்ற வார்த்தையைப் போட்டேன். அந்த இரட்டைப் புள்ளி உன் பழக்கம், நண்பா. அதை வைத்தால் அர்த்தம் மட்டும் வரும், குப்பை வராது என்பாய்.

அப்போது லேக் கார்டன்ஸில் நீயும் உன் அம்மாவும் கீழ் வீட்டில்; நான் மாடியில் வாடகைக்கு. உன் அம்மாவின் இதய ரிப்போர்ட்டில் 'ஸ்டெனோசிஸ்' என்று இருந்தது. முதல் விளக்கம் வந்ததுமே, "போதும், போய்ச் சொல்லு" என்றேன். வங்க மொழியில் 'ஷோன்', அதாவது 'கேளு', என்று ஆரம்பித்து, "அம்மாவுக்குப் புரிய வைக்க முடியலன்னா நமக்கே புரியலடா" என்று இன்னும் மூன்று விளக்கம் படித்தாய். எனக்கு எரிச்சல். பிறகு கணினியை அணைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாய்.

"அம்மா, நம்ம பின்கதவு மழைக்கு உப்பிக்கிட்டு முழுசாத் திறக்க மாட்டேங்குதில்ல? உன் நெஞ்சுக்குள்ள ஒரு கதவு அப்படி ஆயிடுச்சு. ரத்தம் இடிச்சுக்கிட்டுப் போகுது."

"அப்ப ஆசாரியக் கூப்பிடு."

"கூப்பிட்டாச்சு. வெள்ளிக்கிழமை பார்க்கிறார்."

"பயப்படணுமாடா?"

"கொஞ்சம். எனக்கும் பயம்தான். இப்ப நீ திருப்பிச் சொல்லு."

அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். "நல்ல ஆசாரியாப் பாத்தியா?" என்று ஒரு கேள்வியும் சேர்த்துக்கொண்டார்.

நான் புரோகிராம் எழுதிப் பிழைப்பவன். சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று இப்படிச் சோதித்துப் பார்த்தவனை எந்த ஆபீஸிலும் கண்டதில்லை.

உன் அம்மா பிழைத்தார். மறு வருடம் டெங்குவில் நீ போய்விட்டாய். நாம் பௌதி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அண்ணியிடம் உன் அம்மா இன்னும் அந்தக் கதவைப் பற்றித்தான் சொல்கிறார், நீ சொன்ன அதே வார்த்தைகளில்.

போன் மறுபடி அடிக்கிறது. இனிச் செய்யப்போவது:

1. இன்னும் மூன்று விளக்கம் படிப்பேன்.
2. கணினியை அணைப்பேன்.
3. அம்மாவைக் கூப்பிட்டு, அப்பா சைக்கிளிலிருந்து விழுந்து வந்த முழங்கால் தழும்பை நினைவுபடுத்துவேன். அந்த இடம் இறுகிப்போய் மடங்காது. நுரையீரலிலும் அப்படித்தான் என்பேன்.
4. பயப்படணுமா என்று கேட்டால், எனக்கும் பயம்தான் என்பேன்.
5. "இப்ப நீ சொல்லும்மா" என்பேன். அவள் சொல்லி முடிக்கும்வரை போனை வைக்க மாட்டேன்.