நெஞ்சில் நின்ற களி

அன்புள்ள பாவாயிக்கு, எழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள். எழுதக் கற்று மூன்று மாதம்தான் ஆகிறது. உன் முழங்கால் வலி குறைந்ததா?

ஞாயிறன்று களியை வழக்கம்போல மெல்லாமல் விழுங்கினேன். நெஞ்சிலேயே நின்றுவிட்டது. எஸ்டேட்டில் கூட வேலை செய்யும் கண்ணாயி, "ஏனுங்க, களி முழுங்கவே மறந்து போச்சுங்களா?" என்று சிரித்தாள். தண்ணீரும் இறங்காததைப் பார்த்ததும் பயந்துவிட்டாள். வாந்தியில் அது வெளியே வந்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

சாப்பிட்டதும் படுக்கிற பழக்கத்தால் வயிற்றுப் புளிப்பு பல வருடமாக மேலேறி, உணவுக்குழாய் புண்ணாகிச் சுருங்கியிருக்கலாம் என்றார் ஏற்காடு டாக்டர். "இனிமே களியையும் மென்னு தின்னுங்க" என்றார். வாய்வழியே குழாய் விட்டுப் பார்ப்பதற்கான சம்மதத் தாளை நானே படித்துக் கையெழுத்துப் போட்டேன், பாவாயி! புற்று என்ற சொல்லையும் படித்துவிட்டேன். அது இருக்கிறதா என்று சும்மா பார்ப்பார்களாம்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை குழாய் விடும்போது கூட ஒருவர் வேண்டுமாம். தலையை உயர்த்திப் படுக்கவும் சொன்னார்கள். நம் வீட்டு இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்துக்கொண்டு நீயே வந்துவிடு. புதன் காலையிலிருந்தே பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.

செங்கோடன்