தளர்த்தாமல் வைத்த தந்திகள்

திருச்சானூர்
ஜூலை 22

அன்புள்ள லோகு அண்ணனுக்கு,

உன் தங்கை கன்னிகா எழுதுவது. லீவ் லெட்டர் தவிர நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. போன் செய்தால் நீ சுலோச்சனா அத்தையிடம் கொடுத்துவிடுகிறாய். "தலையாட்டறான்மா" என்கிறார் அத்தை. குடுபல்லியில் அத்தை வீட்டில் நீ தலையாட்டுவது இங்கே எனக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது. லாட்ஜில் மாடி அறைகளுக்குப் பதிலாகக் கீழ் அறைகளைக் கூட்டக் கேட்டிருக்கிறாள். கவுண்டரில் என் வேலையை நிரந்தரம் செய்துவிட்டார்கள். வருகிறவர்களிடம் நிமிர்ந்து பேசுவதில்லை என்று மேனேஜர் குறை சொல்கிறார். ஆனால் ஆதார் எண்ணைத் தப்பில்லாமல் அடிக்கிறேன் என்பதால் விட்டுவைத்திருக்கிறார்.

உன் கிடாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது உடைந்துவிட்டது. தப்பு என்னுடையது.

நீ கடைசியாக ஃபேக்டரிக்குக் கிளம்பிய காலையில் அதைச் சுருதி சேர்த்து வைத்துவிட்டுப் போனாய். அந்தச் சுருதி கலையக் கூடாது என்று நான் யாரையும் தொடவிடவில்லை. அம்மா தூசி தட்ட வந்தால்கூட வேண்டாம் என்றேன். பரணில், ஷீட் கூரைக்கு ஒரு முழம் கீழே, அப்படியே இருந்தது. மே மாதம் ஒரு மதியம் பாத்திரம் விழுந்ததுபோல் சத்தம் கேட்டது. ஏறிப் பார்த்தேன். தந்திகளைக் கீழே பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டை பலகையிலிருந்து பெயர்ந்து, தந்திகளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "பீட ஒழிஞ்சுதுன்னு எடைக்குப் போட்டுடு" என்றாள். நான் பெட்ஷீட்டில் சுற்றி மறுபடியும் பரணில் வைத்தேன்.

கவுண்டரில் என்னோடு இருக்கும் ஜமீலா, சித்தூரில் ஜெகநாதன் என்று ஒருவர் இதையெல்லாம் சரிசெய்வார் என்றாள். கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பவர். ஆடியில் கல்யாணம் இல்லாததால் கடையில் இருப்பாராம். போன ஞாயிறு பஸ்ஸில் கொண்டுபோனேன். கண்டக்டர் வீணையா என்று தெலுங்கில் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கிடார் என்றால் யார் வாசிப்பது என்று அடுத்துக் கேட்பார் அல்லவா?

ஜெகநாதன் பெட்ஷீட்டைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தார். கல்கத்தாவில் செய்தது, நம் அம்மா வயது இருக்கும், முழுக்க பிளைவுட், மழைக்காலத்தில் அப்பளம் மாதிரி உப்பும் என்றார். சரிசெய்யும் செலவில் இதைவிட நல்லது புதிதாகவே வாங்கலாமாம். லாட்ஜில் யாரோ விட்டுப்போய், ஒரு வருடம் யாரும் கேட்டு வராததால் உனக்குக் கிடைத்தது என்று சொன்னேன். அப்போதும் சிரித்தார். தந்திகளைப் பார்த்ததும்தான் சிரிப்பு நின்றது.

"வாசிக்காம வைக்கறதுன்னா தளர்த்தி வைக்கணும்மா. இழுத்துக்கினே இருந்தா அது எவ்ளோ நாளு தாங்கும்?"

யார் வாசிப்பது என்று கேட்டார். சொன்னேன். நம் உறவுக்காரர்களிடம்கூட முழுதாகச் சொல்லாததை அவரிடம் சொன்னேன். பிரஸ் மெஷின், இடது கை, நடுவில் மூன்று விரல். கொஞ்ச நேரம் அந்தப் பெயர்ந்த கட்டையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டவெரலு இருக்குதில்ல?"

இருக்கிறது என்றேன். அப்படியானால் கிடாரை மாற்றிப் பிடிக்கலாமாம். கட்டைவிரலில் ஒரு வளையம் மாட்டி இடது கையால் மீட்டி, வலது கையால் தந்தியை அழுத்த வேண்டும். அதற்குத் தந்திகளை எதிர்வரிசையில் போட்டு, பிரிட்ஜில் பள்ளத்தை வேறு சாய்வில் வெட்ட வேண்டுமாம். கட்டை தானாகவே பெயர்ந்திருப்பதால் இப்போது செய்வது சுலபம். ஆனால் ஒருமுறை ஒட்டிவிட்டால், திரும்பப் பிரிக்க அந்தப் பழைய பலகை தாங்காது. பழையபடியா, மாற்றியா என்று வாசிக்கிறவர்தான் சொல்ல வேண்டும் என்றார். மாற்றினால் முதலிலிருந்து பழக வேண்டும், வருடக்கணக்காகும் என்பதையும் மறைக்கவில்லை. ஆவணி பிறந்தால் அவர் கச்சேரிகளுக்குப் போய்விடுவார்.

அம்மாவிடமும் சொன்னேன். மறுநாள் காலை தலை வாரிக்கொண்டே, "கட்டவெரலு நோவாதா அவனுக்கு?" என்று கேட்டாள். இப்போதும் உனக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறாள்.

அண்ணா, கை அடிபட்ட அன்று நீ ஏன் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். என் பட்டமளிப்பு விழாவுக்கு லீவு கொடுக்கவில்லை என்று, அந்த நாளுக்கு ஈடாக முன்கூட்டியே இன்னொரு ஷிப்ட் செய்தாய். நாம் இருவருமே இதைப் பேசியதில்லை. சான்றிதழைத் தபாலில் அனுப்பினார்கள். அந்தக் கவரை நான் இன்னும் பிரிக்கவில்லை. நீ வந்து பிரிக்க வேண்டும்.

இன்னொன்று. தக்காளிக்கு அடிக்கும் பூச்சிமருந்தையெல்லாம் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருப்பதாக அத்தை சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இதனுடன் என் விலாசம் எழுதிய ஒரு போஸ்ட் கார்டு வைத்திருக்கிறேன். உன் வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே வார்த்தை போதும். பழையபடி என்றாலும் சரி, மாற்றி என்றாலும் சரி. வேண்டாம், குப்பையில் போடு என்றாலும் உன் கையெழுத்தில் எழுது.

நீ சொல்லும்வரை ஒட்ட வேண்டாம் என்று ஜெகநாதனிடம் சொல்லியிருக்கிறேன். தந்திகளை எல்லாம் கழற்றிவிட்டார். இப்போது அதை எதுவும் இழுக்கவில்லை.

வரும் சனிக்கிழமை லீவு கேட்டிருக்கிறேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு குப்பம் வண்டியில் குடுபல்லிக்கு வருகிறேன். பேசாவிட்டாலும் பரவாயில்லை. நாங்கள் வரும்போது நீ அங்கே இரு, அண்ணா.

உன் வரவுக்கு உலை வைத்திருக்கும் அம்மாவின் ஆசியோடு,
உன் தங்கை
கன்னிகா