பாப்பா ஒட்டிய சிவப்பு அம்புகள்

மார்ச் 3, செவ்வாய்

புது நோட்டு. முதல் பக்கத்தில் வீட்டில் இருப்போர் விவரம் எழுதிவிட்டுத்தான் நாட்குறிப்பைத் தொடங்க வேண்டும் என்பது கான்வென்ட்டில் மதர் ஏற்படுத்திய பழக்கம். இன்னும் விடவில்லை. ஆகவே: நான், வயது எழுபத்தாறு, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், கணவர் போய் ஒன்பது வருடம். என் நாத்தனார், எழுபத்தொன்று, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், சட்டைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் செக்கிங். தைத்து வரும் சட்டையில் குறை எங்கே என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. அண்ணன் செல்லமாக வைத்த பெயர் பாப்பா. தலை முழுக்க நரைத்த பிறகும் பாப்பாதான்.

இன்று துண்டு மடிப்பதில் மோதினோம். நான் மூன்றாக மடிப்பேன், அவள் நான்காக.

"மூணா மடிச்சா ஓரம் வெளிய தெரியுது அண்ணி. எங்க கம்பெனியா இருந்தா திருப்பி அனுப்பிருவாங்க."

"இது கம்பெனி இல்ல. வீடு."

"அதான் இந்த லட்சணத்துல இருக்கு."

பதில் வைத்திருந்தேன். ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது.

மார்ச் 5, வியாழன்

மாடிவீட்டு நாய் தபால்காரரின் தொப்பியைக் கவ்விக்கொண்டு ஓடிய கதையைப் பாப்பா மத்தியானம் சொன்னாள். நாலு மணிக்கு மறுபடி முதலிலிருந்து.

மார்ச் 9, திங்கள்

மூன்றரை மணிக்குப் பாப்பா டீ கொண்டுவந்தாள். கோப்பையில் வெந்நீர், பால், சர்க்கரை எல்லாம் இருந்தன. தேயிலை மட்டும் இல்லை.

"இது என்ன பாப்பா?"

"டீ." தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "இல்ல. டீயோட தூரத்துச் சொந்தம்."

இருவரும் சிரித்தோம். கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி வர நேரமானது.

பிறகு அடுப்படிக்குப் போனபோது தேயிலை டப்பாவில் சிவப்பாக, நகத்தளவு அம்பு ஸ்டிக்கர் ஒன்று. தொழிற்சாலையில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுவது. ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் பரிசுக் கடிகாரத்தோடு வீட்டுக்குப் போனார்கள். இவள் அதோடு இரண்டு சுருள் அம்பும் கேட்டு வாங்கி வந்தாள். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு சொட்டை இல்லை, துரு இல்லை. எதற்கு அம்பு?

மார்ச் 12, வியாழன்

சாவி மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் ஒன்று. செருப்பு அலமாரியில் ஒன்று. குளிர்பெட்டிக் கதவில் இரண்டு. நாள்காட்டியின் ஓரத்தில் ஒன்று.

குறையே இல்லாத பொருளில் குறை என்று ஒட்டுகிறாள். இது நல்லதாகப் படவில்லை.

இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் ஆரம்பித்திருக்கிறேன். நாய்க் கதை. தேயிலை. குளிர்பெட்டிக்குள் அவளுடைய மூக்குக்கண்ணாடி. அம்புகள். எழுதும்போது பரீட்சை அறையில் பக்கத்துப் பெண்ணின் தாளை எட்டிப் பார்ப்பது போல் கூச்சமாக இருந்தது. இருந்தும் எழுதினேன்.

மார்ச் 14, சனி

ரொட்டி வாங்கப் போனவள் ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்தாள். பேருந்தில் இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய் இறங்கியிருக்கிறாள். இந்த வீட்டுக்கு வந்து இருபத்தாறு வருடமாக இறங்குகிற நிறுத்தம்.

"நடந்து பாக்கலாம்னு தோணுச்சு அண்ணி" என்றாள். நெற்றியெல்லாம் வியர்வை. ரொட்டிப் பொட்டலத்தை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

சாயங்காலம் அவளுடைய பஸ் பாஸைப் பார்த்தேன் — ஏன் பார்த்தேன், என் வேலையா அது — பின்பக்கம் சிவப்பு அம்பு.

மார்ச் 15, ஞாயிறு

மகள் கூப்பிட்டாள். "அத்தை எப்படிம்மா இருக்காங்க?"

"அவளுக்கென்ன, என்னைவிட நல்லா இருக்கா."

பொய். என் மகளிடம் நான் சொன்ன முதல் பொய் என்று எழுத ஆசை. மூன்றாவது அல்லது நான்காவது இருக்கும்.

ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். போன வருடம் கீழ்வீட்டுப் பெரியவருக்கு மறதி நோய் வந்தபோது மகள் சொன்னாள்: "அத்தைக்கு இப்படி ஏதாவதுன்னா உன்னால ஒண்டியா பாத்துக்க முடியாதும்மா. எங்க ஊர்லயே நல்ல ஹோம் இருக்கு. நான் பக்கத்துலயே இருப்பேன்." நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். அவள் ஊர் இங்கிருந்து ரயிலில் எட்டு மணி நேரம்.

நாற்பத்தொன்பது வருடமாக ஒன்றாக இருக்கிறோம். என் கணவரோடு இருந்ததைவிட அதிகம். இவள் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவது?

மார்ச் 18, புதன்

இன்று நல்ல நாள். மருந்துக் கடை வரிசையில் முன்னால் நின்ற மனிதரின் தோளைப் பாப்பா தட்டினாள்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. உங்க காலர் இடப்பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் இறங்குது."

அவர் திரும்பினார். "புதுச் சட்டைங்க. நேத்துதான் எடுத்தேன்."

"சட்டை மேல தப்பில்ல. தச்சவ அன்னைக்கு வீட்டுல சண்டை போட்டுட்டு வந்திருப்பா."

வரிசை மொத்தமும் சிரித்தது. அவர் விடவில்லை, கைப்பட்டி, பொத்தான், தோள் மூட்டு என்று ஒவ்வொன்றாக நீட்டிக் காட்டிக் கருத்துக் கேட்டார். மருந்துக் கடைக்காரரும் கல்லாவை விட்டு எழுந்து வந்து தன் முதுகைக் காட்டினார்.

இவளுக்கா மறதி? நான்தான் கிழட்டுச் சந்தேகம் பிடித்து அலைகிறேனோ?

கடையை விட்டு இறங்கியதும் வலப்பக்கம் நடக்க ஆரம்பித்தாள். எங்கள் வீடு இடப்பக்கம். நான் அவள் கையைக் கோத்துக்கொண்டு கூடவே நடந்தேன். ஒரு சுற்று சுற்றி வந்து சேர்ந்தோம்.

மார்ச் 21, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அடுத்த மாதம் மகள் வந்தாலும் வருவாள். வந்தால் இந்த அம்புகளைப் பார்த்ததுமே புரிந்துகொள்வாள். அதனால் பாப்பா குளிக்கப் போன நேரத்தில் வெந்நீரில் துணியை நனைத்து எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டேன். ஒன்று விடவில்லை. பசையின் கறைகூட இல்லாமல் துடைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

குளித்துவிட்டு வந்தவள் தேயிலை டப்பாவைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"இதுல இருந்தது எங்க?"

"நான்தான் எடுத்துட்டேன். வீடெல்லாம் ஒட்டி வெச்சிருக்க, பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினாள்.

"அண்ணி, அது என் ரிப்போர்ட்டு."

டிசம்பரிலிருந்து ஒட்டுகிறாளாம். எங்கே தப்பு செய்தாளோ அந்த இடத்தில் ஓர் அம்பு. தேயிலை போட மறந்தால் டப்பாவில். சாவியைத் தொலைத்தால் ஆணிக்குப் பக்கத்தில். தேதி குழம்பினால் நாள்காட்டியில். டப்பாவுக்கோ ஆணிக்கோ இல்லை, தனக்குத்தான் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஒரு அம்புன்னா கைத்தப்பு. ரெண்டுன்னா கவனக்குறைவு, கூப்பிட்டுச் சொல்லணும். ஒரே இடத்துல மூணு விழுந்தா தையக்காரியத் திட்டக்கூடாது, மிஷினப் பாக்கணும். நேத்து டப்பாவுல மூணாவது விழுந்துச்சு. திங்கக்கிழமை உங்களக் கூட்டிட்டு டாக்டர்கிட்ட போலாம்னு இருந்தேன். இப்ப கையில ஒண்ணுமில்லாம என்னத்தக் காட்டறது?"

இத்தனை நாள் அவளுக்குத் தெரியாது என்று நான் — அவளுக்குத் தெரியக்கூடாது என்று நான் —

இந்த நோட்டை எடுத்து வந்து கடைசிப் பக்கத்தைத் திறந்து அவள் மடியில் வைத்தேன். வேறு என்ன செய்வது?

படித்தாள். விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ஏழுதான் இருக்கு."

"ஆமா."

"நான் பதினாறு ஒட்டினேன். ஒம்போத விட்டுட்டீங்க. முப்பத்தி நாலு வருஷம் பேப்பர் திருத்துன லட்சணமா இது?"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவளுக்கும்தான். மூக்கைச் சிந்த மூன்றாக மடித்த துண்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கியதும் அதை உதறி நான்காக மடித்தாள், பிறகுதான் சிந்தினாள்.

சாயங்காலம் முழுக்க அவள் ஞாபகத்தையும் என் பட்டியலையும் சேர்த்து வைத்துப் பதினான்கு மீட்டோம். மீதி இரண்டு இருவருக்குமே நினைவில்லை.

மார்ச் 27, வெள்ளி

டாக்டரம்மாவுக்கு என் பேத்தி வயது. பாப்பாவிடம் ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிப் பிறகு கேட்டார், இரண்டுதான் வந்தன. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். எனக்குத் தொண்டை வரை விடை வந்தது. விழுங்கினேன். வாழ்நாளில் நான் செய்த மிகக் கடினமான காரியம்.

கடிகாரம் வரையச் சொன்னார். பாப்பா வட்டத்தை அழகாகப் போட்டாள். எண்கள் ஒரு பக்கமாக நெருங்கிவிட்டன. தானே பார்த்தாள். "இது பாஸ் ஆகாது" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

எங்கள் பட்டியலை டாக்டரம்மா இரண்டு முறை படித்தார். "இவ்வளவு தெளிவா யாரும் எழுதிட்டு வர்றதில்ல. யார் எழுதினது?"

"எழுதுனது அண்ணி. தப்புப் பண்ணுனது நான்" என்றாள் பாப்பா. "உங்க கோட்டுல ரெண்டாவது பொத்தான் விழப் போகுதும்மா. ஊசி நூல் இருக்கா?"

இருந்தது. தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாள். ரத்தப் பரிசோதனை, தைராய்டு, தலையில் ஸ்கேன். எல்லாவற்றுக்கும் சீட்டு.

ஏப்ரல் 2, வியாழன்

ஆரம்ப நிலை. டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. மாத்திரை வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், நிறுத்தாது. நடை, பேச்சு, பாட்டு, தெரிந்த வேலை, எல்லாம் தொடரட்டும். அடுப்புக்கும் வெளியே போவதற்கும் மட்டும் ஏற்பாடு வேண்டும்.

பாப்பா ஒன்றுதான் கேட்டாள். "என் முடிவ நானே எடுக்கலாமா?"

"இப்ப நிச்சயமா எடுக்கலாம். அதனாலதான் சீக்கிரம் வந்தது நல்லதுன்னு சொல்றேன்."

வெளியே வந்ததும், "பாத்தீங்களா, கரெக்ட் டயத்துல சரக்க அனுப்பிட்டோம்" என்றாள். பேருந்தில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். எங்கள் நிறுத்தம் வந்ததும் எழுப்பினேன்.

ஏப்ரல் 6, திங்கள்

நான் தயங்கித் தயங்கித் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளே எடுத்து என் மகளுக்குப் போட்டாள்.

"கண்ணு, அத்தைக்கு மறதி வியாதியாம். மறக்கறதுக்குள்ள சொல்லிரலாம்னு கூப்பிட்டேன்."

மகள் அழுதது இங்கே நாற்காலி வரை கேட்டது. சனிக்கிழமை வருகிறாள்.

ஏப்ரல் 11, சனி

மகள் வந்தாள். நினைத்தபடியே பையில் அந்த இல்லத்தின் படிவங்கள். என்னைத் தனியே கூப்பிட்டு, "எங்கிட்ட ஏன்மா மறைச்ச?" என்றாள். தப்பு என் பக்கம்.

நாங்கள் அடுப்படியில் கிசுகிசுப்பதைப் பார்த்துப் பாப்பா வந்துவிட்டாள்.

"என்னப் பத்தித்தான பேசறீங்க? சத்தமாப் பேசுங்க, காது நல்லாத்தான் இருக்கு."

படிவத்தோடு இருந்த படப் புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். "இடம் நல்லாத்தான் இருக்கு. ஜன்னல் திரைதான் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிக் கிடக்கு." பிறகு மகளின் கையைப் பிடித்தாள். "கண்ணு, நான் சொல்றேன், நீ எழுதிக்க. பகல்ல கூட இருக்க ஒரு அம்மா வரட்டும். அடுப்புக்கு நான் போக மாட்டேன். வெளிய தனியாப் போக மாட்டேன். உங்கம்மா கட்டில் என் ரூமுக்கு வரணும். உங்கம்மாவுக்கு முடியலன்னா அவங்களே சொல்லுவாங்க, இனிமே மறைக்க மாட்டாங்க. அன்னைக்கு நீ கூப்பிட்ட இடத்துக்கு வர்றேன். இப்ப என் தலை என் தலைதான். கையெழுத்துப் போடறேன்."

மகள் எழுதினாள். பாப்பா கையெழுத்துப் போட்டாள். என்னையும் போடச் சொன்னாள். மறைக்க மாட்டேன் என்ற வரியின் கீழ் போட்டேன்.

"ஒரு வாரம் இருந்து பாக்கறேன். அப்பறம் சொல்றேன்" என்றாள் மகள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பகலில் வரும் அம்மாள் கெட்டிக்காரி. வந்த நாலே நாளில் பாப்பாவும் அவளும் கூட்டுச் சேர்ந்துகொண்டு என் வெங்காயம் நறுக்கும் முறையைக் கேலி செய்கிறார்கள்.

இன்று கட்டிலை மாற்றினோம். தச்சரைக் கூப்பிடலாம் என்று மகள் சொன்னாள். இரண்டு சுவர் தள்ளி இருக்கும் அறைக்கு எதற்குத் தச்சர் என்றேன் நான். அளந்து பார்க்காமல் சொன்னேன், கணக்கு டீச்சர். கட்டில் நிலைப்படியில் குறுக்காக மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பாப்பா அறைக்குள், நாங்கள் இருவரும் வெளியே. கட்டில் சட்டங்களுக்கு இடையே அவள் முகம்.

"அண்ணி, டீச்சர் வேலைக்கு உங்கள எடுத்தது யாரு?"

மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் தச்சர்தான் வந்தார், கால்களைக் கழற்றினார், உள்ளே கொண்டுபோய் மறுபடி பூட்டினார். ஜன்னல் பக்கம் பாப்பாவுக்கு, கதவுப் பக்கம் எனக்கு.

மகள் மூன்று மணி ரயிலுக்குக் கிளம்பினாள். படிவங்கள் பைக்குள்ளேயே இருந்தன. போகும்போது என்னிடம், "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கூப்பிடுவேன். உண்மையச் சொல்லணும்" என்றாள். சரி என்றேன்.

அவளை அனுப்பிவிட்டு வந்து படுக்கை விரித்துக்கொண்டிருந்தேன். பாப்பா வாசலில் நின்று பார்த்தாள்.

"இது யாரு கட்டில் அண்ணி?"

"என்னோடது."

"இங்க எதுக்கு?"

"நீதான் கேட்ட."

யோசித்தாள். "நானா கேட்டேன்? நல்ல யோசனையா இருக்கே" என்று சொல்லிவிட்டு விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள்.

விளக்கு ஏற்றும் நேரத்துக்குள் இன்னும் நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் அது அவளுக்கு நல்ல யோசனையாகவே பட்டது. ஆறாவது தடவையும் கேட்பாளா என்று பேனாவை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.